வேனுக்குள் இருந்து பார்த்த நீர்வீழ்ச்சி



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இன்னும் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். மூன்று பிள்ளைகளின் தாயான ஒரு சகோதரி எழுதியது. "விடுமுறை வந்தால் நீர்வீழ்ச்சி பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். 'நான் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன், நீங்கள் வீட்டில் இருங்கள்' என்கிறார் அவர். எனக்கும் ஆசைதான். ஆனால் பேப்பரைத் திறந்தால் ஆற்றில் மூழ்கிய செய்தி. பிள்ளைகளை அனுப்பவும் பயம், நானும் போகவும் பயம். என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

நீங்களும் போங்கள் சகோதரி. பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு பயப்படுவதை விட, கூடப் போய்க் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பது நல்லது. ஆனால் எப்படிப் போவது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1994ஆம் ஆண்டு. கண்டிப் பக்கத்திலிருந்து இரண்டு வேன்களில் பதுளைக்குப் புறப்பட்டோம். உம்மும்மா, உம்மா, சாச்சிமார், மாமிமார், குஞ்சு குருமான்கள் என்று முப்பது பேருக்குக் குறையாது. பெண்கள் எல்லாரும் இரவு இரண்டு மணிக்கே எழும்பிவிட்டோம். நெய்ச்சோறு, கோழிப் பொரியல், கத்தரிக்காய் பாஹ், மாசிச் சம்பல் எல்லாம் சட்டியோடு வேனில் ஏறியது. ஹுன்னஸ்கிரியாவைத் தாண்டி, அந்தப் பதினெட்டு வளைவில் பிள்ளைகள் ஒருவர் மாறி ஒருவர் வாந்தியெடுக்க, மஹியங்கனை வழியாகத் துன்ஹிந்தைக்கு வந்து சேர்ந்தபோது பகல் பத்து மணி.

இறங்கியதும் பெரிய மாமா சொன்னார்: "பாதை சறுக்கும். பொம்புளைகள் இங்கேயே இருங்க. சோத்தையும் பார்த்துக்கொள்ளலாம்."

அவ்வளவுதான். ஆண்களும் பையன்களும் போனார்கள். நாங்கள் மூன்று மணித்தியாலம் வேனுக்குள் இருந்தோம். குரங்குகளிடமிருந்து சட்டிகளைக் காப்பாற்றினோம். அவர்கள் தலை நனைந்து, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். சோறு போட்டுக் கொடுத்தோம். "எப்படி இருந்தது?" என்று உம்மா கேட்டார். "அது சொல்லி விளங்காது" என்றார் மாமா. அதுதான் நானும் உம்மாவும் பார்த்த முதலாவது நீர்வீழ்ச்சி.

மாமாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் நல்ல மனிதர், எங்கள் மேல் உள்ள பயத்தில்தான் சொன்னார். ஆனால் பாதை சறுக்குமா இல்லையா என்று அவரும் அப்போது பார்த்திருக்கவில்லை!

உம்மாவைக் கூட்டிக்கொண்டு மீண்டும் அங்கே போனது 2023 ஓகஸ்டில். இடையில் எத்தனையோ நடந்துவிட்டது. வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலிலும் வருத்தம். "எனக்கு இனி எதுக்கு மகள்" என்றுதான் முதலில் சொன்னார். தங்கச்சியும் அவளுடைய பிள்ளைகளும் வந்தார்கள். இம்முறை சட்டி பானை எதுவும் கொண்டுபோகவில்லை. ரொட்டியும் சம்பலும் அவித்த முட்டையும்தான். காலைச் சாப்பாட்டை எளிமையாக்கினால் பாதிப் பயணம் மிச்சம் என்பது என் அனுபவம். சமைத்துக் களைத்த உடம்போடு மலைப்பாதை நடக்க முடியாது. நம் பெண்களில் பலருக்கு வழியில் தலை சுற்றுவதற்குப் பாதையை விட முதல் நாள் இரவுச் சமையல்தான் காரணம்.

துன்ஹிந்தை பதுளை நகரிலிருந்து மஹியங்கனை வீதியில் ஏறக்குறைய 5 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. நகரைச் சுற்றிக்கொண்டு ஓடும் பதுளு ஓயாதான் அங்கே 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. இருபது மாடிக் கட்டடம் ஒன்றை நினைத்துப் பாருங்கள், அவ்வளவு. விழுந்த பிறகு அந்த ஆறு மகாவலியோடு போய்ச் சேர்கிறது. கீழே புகைபோல் எழும்பும் நீர்த்தூளினால்தான் 'துன்ஹிந்த' என்ற சிங்களப் பெயர் வந்தது என்பார்கள். வீதியில் இறங்கி டிக்கட் எடுத்த பிறகு ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு. சில இடங்களில் படிகள், சில இடங்களில் வெறும் கல். பாதி வழியில் தூரத்தே சின்னதாய் இன்னொரு வீழ்ச்சி தெரியும், அதற்குக் குடா துன்ஹிந்த என்று பெயர்.

வழியில் அங்குள்ளவர்கள் பெலிமல்லும் இரமுசுவும் விற்கிறார்கள். இரமுசு என்பது நம்முடைய நன்னாரிதான். பெலிமல் வில்வம்பூ. கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். உம்மா ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்தார். ஒரு கடைக்கார அம்மா உம்மாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு எண்ணெய் ஒன்றைப் பற்றிச் சிங்களத்தில் சொல்ல, உம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தன் எண்ணெயைப் பற்றிச் சொல்ல, இருபது நிமிடம் போய்விட்டது. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். நான் பேசாமல் இருந்தேன். இருபத்தொன்பது வருடம் காத்திருந்தவர், இன்னும் இருபது நிமிடம் காத்திருக்கட்டுமே!

கடைசி வளைவில் திரும்பியதும் சத்தம் முகத்தில் அடித்தது. உம்மாவின் கண்ணாடி ஒரு நொடியில் பனி படிந்தது போலாயிற்று. கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் நனைந்தது. மூன்றாம் தரம் துடைக்காமலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இதையா அண்டைக்கு எங்களுக்குக் காட்டாம வெச்சாங்க?"

ஓகஸ்டில் போனதால் நீர் குறைவுதான். பதுளைப் பக்கத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை குறையும். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை கொட்டும். நிறைந்து விழுவதைப் பார்க்க வேண்டும் என்றால் மழை மாதங்களில்தான் போக வேண்டும் என்று இளைஞர்கள் சொல்வார்கள். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டிருக்கும் நாம் அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். நீர் மெலிந்த காலத்தில் பாதை காய்ந்திருக்கும், அட்டையும் குறைவு. அழகுக்கு ஒன்றும் குறையில்லை.

இனி, கடிதம் எழுதிய சகோதரியின் பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயம் அல்ல.

அதே பயணத்தில், மாலையில் திரும்பி வரும் வழியில் ஓர் ஓடையருகே வேனை நிறுத்தினோம். பெயர் பெற்ற இடமெல்லாம் இல்லை. பாலத்துக்குக் கீழே தெளிந்த தண்ணீர், தட்டையான கற்கள், முழங்காலளவு ஆழம். பிள்ளைகள் கால் நனைக்க இறங்கினார்கள். தங்கச்சியின் மூத்த மகனுக்குப் பதின்மூன்று வயது. போட்டோ எடுப்பதற்காக ஒரு கல்லில் ஏறினான். பாசி பிடித்த கல். சறுக்கி, கல்லுக்குப் பின்னால் இருந்த குழிக்குள் விழுந்தான்.

யாரும் யோசிக்கவில்லை. தங்கச்சி அபாயாவோடு அப்படியே பாய்ந்தாள். மகன் இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறி வந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தங்கச்சி எழும்பவில்லை. அபாயா தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது. காலில் சுற்றிக்கொண்டது. ஒரு தரம் முகம் மேலே வந்தது. அவள் கத்தவே இல்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. என் கையில் உம்மாவின் நீளமான பருத்திச் சால்வை இருந்தது. அதை எறிந்தேன். முதல் தரம் எட்டவில்லை. இரண்டாம் தரம் பிடித்துக்கொண்டாள். நானும் சாரதியும் சேர்ந்து இழுத்தோம்.

எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். அன்றிரவு வீடு வந்து சேரும் வரை வேனுக்குள் யாரும் பேசவில்லை. தங்கச்சி மகனைத் திட்டவும் இல்லை. அவனுடைய கையைப் பிடித்த பிடியை விடவும் இல்லை.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க தாத்தா, என்னைப் போல பாயப் போறவங்க இருப்பாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். நீந்தத் தெரியாதவர் காப்பாற்றப் பாய்ந்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். நம் நாட்டில் ஆற்றிலும் குளத்திலும் ஒரே குடும்பத்தில் இருவர், மூவர் என்று மௌத்தாகும் செய்திகளை வாசித்திருப்பீர்கள். பல நேரம் முதலில் விழுந்தவரைத் தூக்கப் போனவர்கள்தான் மற்றவர்கள். கரையில் படுத்துக்கொண்டு கம்பையோ சால்வையையோ கயிற்றையோ நீட்டுங்கள். எட்டவில்லையென்றால் மிதக்கும் பொருளை எறியுங்கள். மூடி இறுக்கிய வெற்றுப் பெரிய பிளாஸ்டிக் போத்தல் கூட ஒரு பிள்ளையைக் கொஞ்ச நேரம் தாங்கும். எங்கள் வேனில் இப்போது பத்து மீற்றர் நைலோன் கயிறு எப்போதும் இருக்கிறது. முந்நூறு ரூபாயோ நானூறு ரூபாயோ கொடுத்து ஹார்ட்வெயார் கடையில் வாங்கியது.

மூழ்குகிறவர் கையைக் காட்டிக் கூப்பிடுவார் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. மூச்சுக்கே வழியில்லாதபோது கத்த முடியாது. ஆகவே தண்ணீருக்குள் பிள்ளைகள் திடீரென்று அமைதியாகிவிட்டால் அதுதான் பயப்பட வேண்டிய நேரம். எந்நேரமும் ஒரு பெரியவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் போனைத் தொடக்கூடாது, சோறு பரிமாறக்கூடாது. "எல்லாரும்தான் இருக்கிறோமே" என்று நினைக்கும் கூட்டத்தில்தான் யாருமே பார்ப்பதில்லை.

ஒருவரை மூச்சில்லாமல் வெளியே எடுத்தால், தலைகீழாகத் தூக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அது பொன்னான நேரத்தை வீணாக்குவது. அவருக்குத் தேவை மூச்சு. மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் முப்பது தரம் அழுத்தி, இரண்டு தரம் ஊதி, உதவி வரும் வரை அதையே செய்துகொண்டிருக்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்பியூலன்ஸ், காசில்லை. பொலிசுக்கு 119. இதை வாசித்தால் மட்டும் போதாது, முதலுதவி வகுப்பு நடக்கும் இடம் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். மாதர் சங்கங்கள் தையல் வகுப்பு நடத்துவது போல் இதையும் ஒரு நாள் நடத்தினால் என்ன?

வீழ்ச்சியின் அடியில் உள்ள தடாகம் ஏன் ஆபத்தானது என்று பையன்களுக்கு விளக்கிச் சொன்னால் கேட்பார்கள். வெறுமனே "இறங்காதே" என்றால் கேட்கமாட்டார்கள். உயரத்திலிருந்து நீர் காலங்காலமாக ஒரே இடத்தில் விழுந்து கல்லைக் குடைந்து வைத்திருக்கிறது. கரையில் இடுப்பளவு இருக்கும், இரண்டு அடி தள்ளினால் ஆளைத் தாண்டும். விழும் நீர் அடிக்குப் போய்ச் சுழன்று திரும்புவதால், வீழ்ச்சிக்குக் கிட்டப் போனவரைக் கீழே இழுக்கும். வெள்ளையாய் நுரைத்திருக்கும் நீரில் காற்று கலந்திருக்கிறது. அதில் உடம்பு சாதாரண நீரில் மிதப்பது போல் மிதக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவனும் அங்கே தடுமாறுவான். இதைக் கேட்ட பிறகு என் மருமகன், "அப்படியென்றால் வெள்ளைத் தண்ணி பொய் தண்ணி" என்றான். அந்தப் பெயரே எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

இன்னொன்று, நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும், மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கும். அந்த நீர் வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். தெளிந்திருந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆற்றின் நடுவில் உள்ள கல்லில் பாய் விரித்துச் சாப்பிட உட்காருவது மிக அழகான யோசனை, மிக மோசமான யோசனையும் அதுதான். கித்துல்கலை போன்ற இடங்களில் மழையே இல்லாமலும் களனி கங்கை உயரும், மேலே மின்நிலையங்களில் நீர் திறந்துவிடப்படுவதால். அவ்விடத்து ஆட்கள் "இப்போது இறங்க வேண்டாம்" என்று சொன்னால் வாதாடாதீர்கள். கொழும்பிலிருந்து வந்த நமக்கு அவர்களை விட அந்த ஆற்றைத் தெரியாது.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பதுளையும் கண்டியும் மண்சரிவால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள். வீதிகளும் ரயில் பாதையும் உடைந்தன. ஆகவே பழைய நினைவில் புறப்படாமல், போகும் இடத்தில் உள்ள யாரையாவது அழைத்துப் பாதை திறந்திருக்கிறதா, நடைபாதை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் போவதானால் நிலையத்தில் விசாரியுங்கள். பதுளைக்கு ரயில் போகத் தொடங்கியது 1924இல், மலைநாட்டுப் பாதையின் கடைசி நிலையம் அதுதான். பிள்ளைகளுக்கு அந்தப் பயணமே ஒரு பெருநாள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில், வேனுக்கு முற்பணம் கட்டியாயிற்றே என்பதற்காகப் போகாதீர்கள். மழைக் காலத்தில் வேன்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் திகதி மாற்றித் தருவார்.

வேன்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா போன பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தார்கள். அது இரவு நேரம். ஆற்றுக்குப் பயப்படும் நாம் வீதிக்கும் பயப்பட வேண்டும். ஒரே நாளில் நான்கு இடம் பார்த்து நள்ளிரவில் வீடு திரும்பும் பயணத்தை நம் குடும்பங்கள் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொள்கின்றன. சாரதியும் மனிதர்தானே? அவருக்கும் ஒரு மணித்தியாலம் தூங்க இடம் கொடுங்கள். இரண்டு இடம் போதும். மஃரிபுக்கு முன் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள்.

உடையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தங்கச்சிக்கு நடந்ததற்குப் பிறகு நான் கண்டுகொண்டது இது. நிலத்தைத் தொடும் அபாயா படி ஏறும்போது நம் காலடியிலேயே மாட்டும், இறங்கும்போது பின்னால் வருபவரின் காலடியில் மாட்டும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் அளவில் தைத்த தொளதொளப்பான பருத்தி சல்வார், உள்ளே காற்சட்டை, மடித்துப் பின் குத்திய ஸ்கார்ஃப். இதில் மானத்துக்கும் குறைவில்லை, நடைக்கும் தடையில்லை. வேனில் ஒரு மாற்றுடை கட்டாயம். வழவழப்பான அடியுள்ள செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள இறப்பர் சப்பாத்துப் போதும். புதிதாக வாங்கியதை அன்றைக்கே போடாதீர்கள், கொப்புளம் வரும். இந்த ஒரு விஷயத்தில் என் மகள் என் பேச்சைக் கேட்கவில்லை. வரும்போது வெறுங்காலோடு வந்தாள்.

அட்டைக்குக் காய்ந்த காலிலும் காலுறை மேலும் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் ஏறுவது குறையும். ஏறிவிட்டால் பதறிப் பிய்க்காமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள், அல்லது உப்பு ஒரு சிட்டிகை. கொஞ்சம் இரத்தம் வடியும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. குளவிதான் உண்மையில் பயப்பட வேண்டியது. பாறை இடுக்குகளிலும் உயர்ந்த மரங்களிலும் கூடு இருக்கும். அந்தப் பக்கம் அடுப்பு மூட்டிப் புகை எழுப்பாதீர்கள், பையன்கள் கல்லெறிய விடாதீர்கள். அத்தர் பூசிக்கொண்டு போவதையும் அன்றைக்கு மட்டும் விட்டுவிடலாம்.

தொழுகை நேரத்தை முன்பே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். காலையில் நேரத்தோடு நடந்துவிட்டு லுஹருக்குப் பதுளை நகருக்குத் திரும்பிவிட்டால், பள்ளிவாசலில் பெண்களுக்கு இடவசதி உண்டா என்று ஆண்களை விட்டு விசாரித்துத் தொழலாம். பிரயாணத்தில் சேர்த்தும் சுருக்கியும் தொழுவது பற்றி உங்கள் ஊர் மௌலவியிடம் புறப்படும் முன் கேட்டுவைத்துக்கொண்டால் வழியில் வாக்குவாதம் வராது. ஆற்றில் வுளூ எடுப்பதென்றால் கரையில் உட்கார்ந்து, இன்னொருவர் அருகில் நிற்க, எடுங்கள். வாய் கொப்பளிக்க மட்டும் போத்தல் தண்ணீர் நல்லது. பதுளு ஓயா ஒரு நகரத்தைச் சுற்றி வரும் ஆறு என்பதை மறக்காதீர்கள். காலில் புண் இருக்கும் பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. போய் வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மலசலகூடம்! இதை எந்தப் பயணக் கட்டுரையும் எழுதுவதில்லை, எழுதுகிறவர்கள் ஆண்கள் என்பதால் இருக்கலாம். வழியில் இருக்கும் பெற்றோல் நிலையம், பள்ளிவாசல், சாப்பாட்டுக் கடை எவையென்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். நம் பெண்கள் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க இருந்துவிட்டுத் தலைவலியோடு திரும்புகிறார்கள். ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு சின்ன வாளியும் வேனில் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

நடக்கவே முடியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களை விட்டுவிட்டுப் போகவும் தேவையில்லை, வேனுக்குள் உட்கார வைக்கவும் தேவையில்லை. வீதியில் நின்றே பார்க்கக்கூடிய வீழ்ச்சிகள் நம் நாட்டில் நிறைய உண்டு. ஹற்றன் - தலவாக்கலை வீதியில் 97 மீற்றர் உயர டெவோனும் சென் கிளயாரும் தெரியும். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கிய பிறகு சென் கிளயாரில் நீர் முன்னைப் போல் இல்லை என்பது உண்மைதான். எல்லவுக்கு அப்பால் இராவணா எல்ல 25 மீற்றர்தான், ஆனால் வீதியோரத்திலேயே விழுகிறது. அதன் கற்களில் ஏறி உயிர் விட்டவர்கள் பலர், ஆகவே பாலத்தருகே நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது 220 மீற்றர் தியலுமவை வேனுக்குள் இருந்தே அண்ணாந்து பார்க்கலாம். நாட்டிலேயே உயரமான பம்பரகந்தை 263 மீற்றர். அதற்குக் கலுபஹனையிலிருந்து உள்ளே போய் மேலே ஏற வேண்டும், அது இளம் கால்களுக்கு.

சாப்பிட்ட பிறகு கொண்டுபோன எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். லன்ச் ஷீட்டை 2017இல் தடைசெய்தார்கள், ஆனால் ஆற்றங்கரைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது! துன்ஹிந்தைப் பாதையில் ஒரு புதரில் கிடந்த பொதியைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஆக்கள்ட புரியாணி" என்றார் உம்மா. எலும்பைப் பார்த்தே கண்டுபிடித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வாழையிலையில் கட்டிக்கொண்டு போங்கள்.

கடிதம் எழுதிய சகோதரியே, உங்கள் கணவரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். இந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டுங்கள். மூன்று பிள்ளைகளை ஆற்றங்கரையில் ஒரு ஆள் பார்த்துக்கொள்ள முடியாது, இரண்டு சோடிக் கண்கள் வேண்டும் என்று சொல்லுங்கள். அது உண்மையும் கூட. கயிற்றை அவரையே வாங்கி வரச் சொல்லுங்கள். முதல் நாள் இரவு ரொட்டி மாவைப் பிசைந்து வைத்துவிட்டு நேரத்தோடு படுத்துவிடுங்கள். காலையில் கூட்டம் சேர முன் துன்ஹிந்தைக்குப் போய்ச் சேருங்கள். பெலிமல் விற்கும் அந்த அம்மா இன்னும் அங்கே இருந்தால், கண்டிப் பக்கத்து முழங்கால் வருத்தக்கார உம்மா ஸலாம் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்த எண்ணெயின் பெயரையும் கேட்டு எனக்கு எழுதுங்கள், உம்மா மறந்துவிட்டார்.